கருப்பம்மா எண்ணெய்ச் சட்டி வைத்தாள்

வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் காலையில் கருப்பம்மா மொஹிதீன் கடைக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் கேட்டாள். கேட்டது ஒரு போத்தல் எண்ணெய்தான். அதற்கே கடையில் சாமான் வாங்க நின்ற பெண்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

தெமோதரை ஸ்டேசனிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பாதையில் அந்த ஒரு கடைதான் உண்டு. வருஷப் பிறப்பு நெருங்கிவிட்டால் அங்கே நிற்க இடம் இருக்காது. சீனியும் மாவும் பட்டாசும் வாங்கிக்கொண்டு, போனவள் வந்தவளைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சத்தம் முழுக்க ஒரு போத்தலில் அடங்கிப் போனது.

கருப்பம்மாவுக்குப் பின்னால் நின்றவள் ஜீவராணி. லயம் என்கிற வரிசை வீடுகளில் இரண்டு பேருடைய காம்பராவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இருபது வருஷமாக ஒரே மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள்.

"தலைக்கு வைக்கவா அக்கா?" என்று கேட்டாள் ஜீவராணி. "ஒரு மண்டைக்கு ஒரு போத்தலு எதுக்கு?"

"சட்டிக்கு."

"எந்தச் சட்டிக்கு?"

"ஒனக்குத் தெரியாத சட்டியா? போன வருஷம் அதுல பொரிச்சதத்தானே கூடையில கட்டிக்கிட்டு மலைக்கு வந்து வந்து தின்ன."

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு, சிரித்தது தப்பென்று தெரிந்ததும் இருமினாள். ஜீவராணி சிரிக்கவில்லை.

மொஹிதீன் எதுவும் கேட்கவில்லை. எண்ணெயையும் அரிசி மாவையும் எடுத்து வைத்தார். பிறகு கையை நீட்டி ஒரு சின்ன மஞ்சள் தூள் பக்கற்றையும் எடுத்துப் பைக்குள் போட்டார்.

"நான் மஞ்சள் கேக்கலியே மொதலாளி."

"கொக்கிஸ் சுடத்தானே? மஞ்சள் இல்லாம என்ன கொக்கிஸ்? கொண்டு போங்க. தம்பி அச்சு வாங்கி வந்தப்ப என்கிட்டதான் மொதல்ல காட்டினான்."

தம்பி என்று அவர் சொன்னது அவள் மகன் ரமேசை. அந்தப் பெயரை ஒருத்தர் சும்மா, சாதாரணமாக வாயில் எடுத்து எத்தனையோ நாளாகிவிட்டது. கருப்பம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அவளுடைய லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்கு அந்த வீட்டு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது. கொதிக்கிற எண்ணெய் போன உயிரைச் சுடும் என்பார்கள். பண்டிகை வந்தால் அக்கம்பக்கத்தார் பலகாரத் தட்டு கொண்டுவந்து கொடுப்பார்கள். சாவு வீட்டுக்காரர் தட்டை வாங்கிக்கொண்டு, கழுவாமல், எதுவும் வைக்காமல் வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுப்பார்கள். நல்ல வீடென்றால் தட்டு ஒருபோதும் வெறுமையாகத் திரும்பாது. ஒரு பிடி சீனியாவது இருக்கும். துக்கத்தில் இருக்கிறவளை அடுப்படியில் வேகவிடக் கூடாது என்று எந்தக் காலத்திலோ நல்ல மனசுள்ளவர்கள் உண்டாக்கிய வழக்கம் அது. கருப்பம்மாவே எத்தனையோ வீடுகளுக்குத் தட்டு கொண்டு போயிருக்கிறாள்.

இந்த வருஷம் அந்த வழக்கம் அவள் வாசலுக்கு வந்து நின்றது. சட்டி வைத்தால் அவள் மகன் உயிரோடு இருக்கிறான். தட்டு வாங்கினால் அவன் செத்துவிட்டான். நடுவில் வேறு வழி இல்லை.

கார்த்திகை மாதத்து மழையில்தான் அது நடந்தது. ரமேஸ் பதுளை டவுனில் கைபேசி திருத்துகிற கடையில் வேலை செய்தான். மழை விடாமல் பெய்ததில் பாதைகள் மூடிவிடும் என்று பயந்து, அம்மா தனியாக இருக்கிறாளே என்று வீட்டுக்கு வந்திருந்தான். ஒரு நாள் விடிகிற நேரத்தில் மலை உறுமியது. பள்ளத்தில் இருந்த பணிய லயத்துக்காரர்கள் சாமான்களை அள்ளிக்கொண்டு மேலே ஓடி வர ஆரம்பித்தார்கள். "வீரய்யா அண்ணன் வீட்டுல சின்னப் புள்ள இருக்கும்மா, தூக்கிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிக்கொண்டே அவன் இறங்கி ஓடினான். தோளில் மாட்டுகிற தன்னுடைய வேலைப் பையையும் எடுத்துப் போனான். அதற்குப் பிறகு மண் வந்தது. பணிய லயம் இருந்த இடத்தில் சிவப்புச் சேறும் வேரோடு பிடுங்கிய தேயிலைச் செடிகளும்தான் கிடந்தன.

மிஷின் வந்து தோண்டியது. வீரய்யாவை இடுப்புக்குக் கீழே நசுங்கிய நிலையில் உயிரோடு எடுத்தார்கள். அவன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் பிணமாக எடுத்தார்கள். இன்னும் சிலரை எடுத்தார்கள். ரமேசை மட்டும் எடுக்கவில்லை. ஒரு கட்டத்தில் மிஷின்காரர்கள் இனித் தோண்டினால் மேல் லயமும் சரிந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

கருப்பம்மாவின் நம்பிக்கை முழுக்க அந்தப் பையில் தொங்கியது. பிள்ளையைத் தூக்கப் போகிறவன் எதற்குப் பையை மாட்டிக்கொண்டு போவான்? வேலைக்குப் போகிறவன்தானே பையை எடுப்பான்? பிள்ளை செத்துக் கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை என்றால் அவன் அந்தப் பக்கம் போகவே இல்லை, குறுக்குப் பாதையில் ஸ்டேசனுக்கு இறங்கியிருக்கிறான். எங்கேயோ தலையில் அடிபட்டு, பேர் ஊர் தெரியாமல் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இப்படி அவள் கணக்குப் போட்டுக்கொண்டாள். பதுளைப் பெரியாஸ்பத்திரியில் வார்டு வார்டாக ஏறி இறங்கினாள். அங்கே படுத்துக்கிடந்த வீரய்யாவிடமும் போய் நின்றாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "அவரு யாரோடயும் பேசுறதில்ல பெரியம்மா" என்று அவன் தங்கை அழுதாள். பிறகு அவனை ஹல்துமுல்லைக்குத் தன் வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டாள்.

ஆரம்பத்தில் லயமே கருப்பம்மாவைத் தாங்கியது. ஜீவராணி சோறு ஆக்கிக் கொடுத்தாள். தை பிறந்ததும் அந்த இரக்கம் களைத்துப் போனது. மாசியில் அது எரிச்சலாக மாறியது. ஜீவராணியின் மகளுக்கு வைகாசியில் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பண்டாரவளைக்காரர்கள். "ஒங்க லயத்துல இன்னும் ஒரு சாவு முடியலையாமே" என்று அவர்கள் கேட்ட நாளிலிருந்து ஜீவராணி சுவருக்கு அப்பாலிருந்து பேசுவதை நிறுத்திவிட்டாள்.

*

எண்ணெய் வாங்கிய அன்று மத்தியானம் கோயிலில் மருத்து நீர் கொடுத்தார்கள். பூவும் இலையும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சிய தண்ணீர். அதைத் தலையில் தெளித்துக் குளித்தால் போன வருஷத்து அழுக்கெல்லாம் போய்விடும் என்பது நம்பிக்கை. மாரியம்மன் கோயில் வாசலில் செம்போடும் போத்தலோடும் வரிசை நின்றது. கருப்பம்மாவும் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவர்கள் ஓரடி முன்னே தள்ளிப் போனார்கள். பின்னால் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். வரிசையில் அவள் மட்டும் தனித் தீவாக நகர்ந்தாள்.

அவள் முறை வந்தபோது பூசாரி அகப்பையைத் தூக்கினார். கோயில் கமிட்டித் தலைவர் ரெங்கசாமி குறுக்கே கையை நீட்டினார்.

"கருப்பம்மா, நீ ஒதுங்கி நில்லு."

"எதுக்குங்க தலைவரே?"

"சாவு வீட்டுக்கு மருத்து நீர் குடுக்குறதில்ல. ஒனக்குத் தெரியாததா?"

"எங்க வீட்டுல யாரு செத்தா?"

ரெங்கசாமி சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அவர் நெற்றி நிறைய விபூதி பூசி, ஒரு நாளும் அம்மனுக்கு விளக்கு வைக்கத் தவறாதவர். அன்றைக்கும் தான் தருமத்தைத்தான் பேசுகிறோம் என்று நினைத்தார்.

"இந்தா பாரு, நான் ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வைகாசியில திருவிழா. காப்புக் கட்டணும். முடிக்காத சாவ லயத்துல வச்சிக்கிட்டு அம்மனுக்கு எப்புடிக் காப்புக் கட்டுறது? பொணம் கெடைக்காட்டி என்ன? தர்ப்பப் புல்லுல உருவம் செஞ்சு எரிச்சிரலாம். ஐயருகிட்டயும் கேட்டுட்டேன். இன்னைக்கே முடிச்சா பழைய வருஷத்தோட எல்லாம் தீந்துரும். புது வருஷம் சுத்தமாப் பொறக்கும்."

"எம் மகன் என்ன புல்லா தலைவரே?"

"நீ எண்ண வாங்கிட்டு வந்திருக்கன்னு கேள்விப்பட்டேன். சட்டி வச்சிராத. ஒருத்தி செய்யுற பாவம் லயத்துக்கே வரும். ஏற்கெனவே வந்த மண்ணு போதாதா?"

வரிசையில் நின்ற ஒரு பெண், "அன்னைக்கும் இப்புடித்தான் யாரோ பாவம் பண்ணியிருக்கணும்" என்று முணுமுணுத்தாள். கருப்பம்மா செம்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். அப்போது பூசாரி, "ஏம்மா, செம்புல தூசி இருக்கு பாரு" என்று சொல்லி அதை வாங்கித் தன் துண்டால் துடைத்து, திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தபோது செம்புக்குள்ளே மருத்து நீரில் ஊறிய ஓர் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கிழவருக்குத் தலைவரை எதிர்த்துப் பேச வாய் இல்லை. கை மட்டும் இருந்தது.

*

வருஷம் பிறந்த காலையில் கருப்பம்மா அந்த இலையைத் தலையில் வைத்துக்கொண்டு, மேலிருந்து கொட்டும் பீலித் தண்ணீரில் குளித்தாள். மலைத் தண்ணீர் எலும்பில் குத்தியது. இருக்கிறதிலேயே நல்ல சேலையைக் கட்டினாள். அம்மன் படத்துக்கு விளக்கேற்றி, "தாயே, எம் புள்ளைய நீ எங்க வச்சிருந்தாலும் அவன் வயிறு காயாம பாத்துக்க" என்று கும்பிட்டாள். நேரம் பார்த்து அடுப்பு மூட்டினாள். சட்டியை ஏற்றினாள்.

கொக்கிஸ் அச்சு என்பது கம்பி முனையில் பூப்போல வளைத்த பித்தளை. அதை எண்ணெயில் காய வைத்து, மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கரைத்த மாவில் முக்கி, மறுபடி எண்ணெயில் இறக்க வேண்டும். மாவு பிடித்து வெந்ததும் லேசாக ஓர் உதறல். பூ கழன்று மிதக்கும். ரமேஸ்தான் சிங்களக் கூட்டாளி வீட்டில் தின்றுவிட்டு வந்து, அச்சும் வாங்கிக் கொடுத்து, செய்யவும் சொல்லிக் கொடுத்தான். முதல் வருஷம் அவள் உதறிய உதறலில் அச்சு சட்டியிலேயே விழுந்துவிட்டது. "அம்மா, கொக்கிஸ் கேட்டா அச்சையே பொரிச்சுக் குடுக்குற" என்று அவன் லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

எண்ணெய் மணம் எழுந்து கூரை இடுக்கு வழியாகப் பக்கத்துக் காம்பராக்களுக்குப் போனது. முதல் கொக்கிஸ் கழன்று மிதந்தபோதே வாசலில் காலடிச் சத்தம் கேட்டது.

ஜீவராணி முன்னால் வந்தாள். கையில் எவர்சில்வர் தட்டு, அதில் முறுக்கும் அதிரசமும். அவளுக்குப் பின்னால் அடுத்த காம்பராக்காரி, அவளுக்குப் பின்னால் அதற்கும் அடுத்தவள். எல்லார் கையிலும் தட்டு. எல்லாரும் புதுச் சேலை. கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டு வருகிற மாதிரி வரிசையாக வந்து இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், நின்றார்கள்.

"அக்கா, தட்டு வாங்கிக்க."

கருப்பம்மா அடுப்பை விட்டு எழவில்லை. "வருஷப் பிறப்பும் அதுவுமா எல்லாரும் வந்திருக்கீங்க. உக்காருங்க. சூடா இருக்கு, ஆளுக்கு ஒண்ணு திங்கலாம்."

"நாங்க திங்க வரல. குடுக்க வந்திருக்கோம்."

"எங்க வீட்டுலயே சட்டி வச்சிருக்கேன். எனக்கெதுக்குத் தட்டு?"

"அக்கா, நான் நல்ல விதமாச் சொல்றேன்..."

"நல்ல விதமாவே திரும்பிப் போ."

ஜீவராணி தட்டை இஸ்தோப்புத் தரையில் வைத்தாள். அவள் வைத்ததைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். தட்டுகள் உரசும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. திரும்பும்போது ஜீவராணி நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். சட்டியில் புகை பறந்தது.

"எண்ண எப்புடிக் கொதிக்குது பாரு. செத்த புள்ளையத் தாயே பொரிக்கிறத இன்னைக்குத்தான் பாக்குறேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கருப்பம்மாவின் கையில் இருந்த அச்சு மாவுக்குள்ளேயே நின்றது. எடுத்துச் சட்டியில் இறக்கினாள். எண்ணெய் தெறித்து மணிக்கட்டைச் சுட்டது. சுட்டது தன் கையைத்தான், மகனை அல்ல என்பதில் அவளுக்கு ஓர் ஆறுதல்கூட இருந்தது.

முதல் ஈடு முடிந்ததும் அவளும் தட்டில் கொக்கிஸ் அடுக்கினாள். ஒவ்வொரு வருஷமும் செய்வதுதான். தரையில் கிடந்த தட்டுகளை மிதிக்காமல் சேலையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். முதல் காம்பராக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டீவி சத்தம் கேட்டது, தட்டினதும் அதுவும் நின்றது. அடுத்த வீட்டில், "எங்களுக்கு இன்னைக்கு விரதம்" என்றார்கள். அந்த வீட்டுக்காரன் வாயில் வடை இருந்தது. அதற்கடுத்த வீட்டில் யாரும் கதவுக்கு வரவில்லை, ஜன்னல் சேலை மட்டும் அசைந்தது. கடைசியில் ஜீவராணி வீடு. ஜீவராணி வாசலிலேயே நின்று தட்டை வாங்கிக்கொண்டாள். கருப்பம்மாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இருபது வருஷத்துப் பழக்கம் இல்லையா, என்ன இருந்தாலும் இவள் வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தாள்.

ஜீவராணி தட்டை அப்படியே வாசலை ஒட்டி ஓடும் கானுக்குள் கவிழ்த்தாள். மஞ்சள் பூக்கள் சோப்பு நுரையிலும் சாக்கடைத் தண்ணீரிலும் மிதந்து போயின. வெறுந்தட்டைக் கருப்பம்மா கையில் வைத்தாள்.

"சாவு வீட்டுத் தட்டு இப்புடித்தான் திரும்பணும்."

எதிர் காம்பராவிலிருந்து ஒருத்தன் சிரித்தான். யாரும் அவனைச் சும்மா இரு என்று சொல்லவில்லை. மேலே கோயிலில் ஸ்பீக்கர் வைத்து அம்மன் பாட்டுப் போட்டிருந்தார்கள்.

*

வெயில் ஏறின பிறகு வீரய்யா வந்தான். கருப்பம்மா அவனை அடையாளம் கண்டுகொள்ளவே கொஞ்ச நேரமானது. இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். முகம் பாதியாகச் சுருங்கியிருந்தது. பெண்டாட்டி பிள்ளை போன இடத்தில் ஒரு விளக்கு வைத்துவிட்டுப் போகலாம் என்று ஹல்துமுல்லையிலிருந்து தங்கை புருஷனின் ஆட்டோவில் வந்திருந்தான். அவன் வந்த செய்தி கேட்டு ரெங்கசாமி வழியிலேயே பிடித்துக்கொண்டார். ஒரு தட்டுப் பலகாரத்தைப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டு, "நீ வச்சா அவ மறுக்க மாட்டா. நீயும் பறிகுடுத்தவன்தானே. போய் முடிச்சு வச்சிரு" என்று சொல்லி அனுப்பினார். லயத்தின் முனை வரைக்கும் அவரே கூட வந்து நின்று பார்த்தார்.

வீரய்யா இஸ்தோப்பு வரைக்கும் வந்தான். தரையில் வரிசையாகக் கிடந்த தட்டுகளைப் பார்த்தான். ஒன்றிரண்டில் காகம் கொத்தியிருந்தது. உள்ளே அடுப்பின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கருப்பம்மாவையும், யாரும் தொடாமல் கூடையில் குவிந்திருந்த கொக்கிஸையும் பார்த்தான். கழுத்திலிருந்து அந்தப் பையைக் கழற்றித் தூணில் மாட்டினான். வெறுங்கையோடு நிலைப்படியில் உட்கார்ந்தான்.

"பெரியம்மா."

அவள் திரும்பினாள்.

"எங்க வீட்டுல சட்டி வைக்கக் கூடாது பெரியம்மா. சாவு விழுந்த வீடு. நீங்க என்னமோ சுடுறீங்க போல. எனக்கு ஒரு தட்டு குடுக்க மாட்டீங்களா?"

கருப்பம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவு வீட்டுக்காரன் தட்டு கேட்டு வருவது நல்ல வீட்டு வாசலுக்குத்தான். காலையிலிருந்து இத்தனை பேர் வந்தும் யாரும் அவள் வீட்டை வீடாக நினைக்கவில்லை. இவன் நினைத்தான்.

அவள் பரபரவென்று எழுந்தாள். தட்டைக் கழுவினாள், துடைத்தாள், நொறுங்காத கொக்கிஸாகப் பொறுக்கி அடுக்கினாள். அவன் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"தின்னுய்யா. அச்சு நல்லா விழுந்திருக்கா?"

"நல்லா விழுந்திருக்கு."

"உப்பு?"

"சரியா இருக்கு பெரியம்மா."

அவன் ஒவ்வொன்றாகத் தின்றான். பசியில் தின்கிறவன் மாதிரி இல்லை, கோயில் பிரசாதத்தைத் தின்கிற மாதிரி, ஒரு துணுக்கும் கீழே சிந்தாமல் தின்றான். கருப்பம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை மாதமும் அவள் நெஞ்சை இழுத்துக் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவன் வாய் அசைய அசையத் தளர்ந்தது. மகனைச் சாகடிக்க வந்தவர்கள் முன்னால் அவளால் ஒன்றும் கேட்டிருக்க முடியாது. அவள் கையால் வாங்கித் தின்றவனிடம் கேட்க முடிந்தது.

"வீரய்யா."

"என்ன பெரியம்மா."

"எம் புள்ள ஒன் வீட்டுக்கு வந்தானா?"

அவன் வாய் அசைவது நின்றது. லயத்து முனையில் நிற்கும் ரெங்கசாமியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"ஒங்ககிட்ட இன்னும் சொல்லலையா பெரியம்மா?"

"யாரு?"

"நான் அன்னைக்கே சொன்னேனே. என்னைய இழுத்து எடுத்தப்பவே தலைவர்கிட்ட சொன்னேன். ஜீவராணி அக்காவும் பக்கத்துலதான் நின்னாங்க. நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப, தெரிஞ்சுதான் வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். எம் புள்ளையால ஒங்க புள்ள போயிட்டானேன்னு ஒங்க மொகத்தப் பாக்க முடியாமத்தான் திரும்பிக்கிட்டேன்."

கருப்பம்மா சொல்லு என்பது போலத் தலையை அசைத்தாள்.

"அவன்தான் பாப்பாவத் தூக்கினான். நான் அரிசி மூட்டையோட முன்னால ஏறினேன். பாப்பா ஸ்கூல் புத்தகம் இல்லாம வரமாட்டேன்னு கத்துனா. சரி அழாத, எடுத்துக்குவோம்னு ரமேஸ் திரும்ப உள்ள போனான். எம் பொண்டாட்டியும் பின்னாடியே போனா. புத்தகத்தையெல்லாம் அவன் பையில போட்டுக்கிட்டு மூணு பேரும் வெளிய வந்ததப் பாத்தேன். அவன் என்னையப் பாத்து சிரிச்சான். அப்பத்தான் மண்ணு வந்துச்சு. என் கண்ணு முன்னாடி பெரியம்மா. என் கண்ணு முன்னாடி."

"பையிலயா?"

"பையிலதான்."

அந்தப் பை. பதுளையிலும் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் இல்லாத பை. அது மண்ணுக்குள் ஒரு குழந்தையின் புத்தகங்களோடு கிடக்கிறது. அடுப்பில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. கருப்பம்மா திடுக்கிட்டு எழுந்து விறகை வெளியே இழுத்தாள். அது போதாதென்று துணிகூடப் பிடிக்காமல் இரண்டு கையாலும் சட்டியைத் தூக்கித் தரையில் இறக்கினாள்.

"சுட்டிருச்சேய்யா" என்றாள். "காலையில இருந்து சுட்டுக்கிட்டே இருந்திருக்கேனே."

கை வெந்ததைப் பற்றி அவள் சொல்லவில்லை என்பது வீரய்யாவுக்குத் தெரிந்தது. அவன் ஊன்றுகோலைத் தேடி எழ முயன்று, முடியாமல், தவழ்ந்தே உள்ளே வந்தான். குடத்துத் தண்ணீரைச் செம்பில் சாய்த்து அவள் கைகளில் ஊற்றினான்.

"எண்ண போன உசுரச் சுடாது பெரியம்மா. அவன் புள்ளையத் தூக்கினவன். அம்மன் அவன மடியிலதான் வச்சிருப்பா. ஒங்க கையி சுட்டா அவனுக்கு வலிக்கும். அது மட்டுந்தான்."

அவள் அழுதாள். அந்த அழுகைச் சத்தம் சுவர் தாண்டிப் போனது. கதவுகள் திறந்தன. வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். ரெங்கசாமி நெருங்கி வந்து, அடுப்பு அணைந்திருப்பதையும் சட்டி இறங்கியிருப்பதையும் பார்த்து, "நல்லபடியா முடிஞ்சுது, எல்லாம் அம்மன் செயல்" என்று கைகூப்பினார். அப்படியே திரும்பிக் கோயிலுக்குப் போனார்.

அழுது ஓய்ந்தபின் கருப்பம்மா இஸ்தோப்புக்கு வந்தாள். வெந்த கையாலேயே ஜீவராணியின் எவர்சில்வர் தட்டை எடுத்தாள். ஊரே பார்க்க, தட்டை வாங்கிக்கொண்டாகிவிட்டது. அதிலிருந்த முறுக்கையும் அதிரசத்தையும் தன் முந்தானையில் கொட்டிக்கொண்டாள். உள்ளே போய்க் கூடையிலிருந்து ஒரே ஒரு கொக்கிஸை எடுத்துத் தட்டில் வைத்தாள். ஜீவராணி வீட்டு வாசலுக்கு நடந்தாள்.

"ஒனக்கு அன்னையிலேருந்தே தெரியும்" என்றாள்.

ஜீவராணியின் முகம் வெளுத்தது. "எப்புடிக்கா சொல்றது? மொதல்ல தேடிக்கிட்டு இருந்தாங்க. அப்பறம் நீ ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்ச. பாவமா இருந்துச்சு. நாளு போகப் போக வாய் வரல."

"வாய் வரல. தட்டு வைக்க மட்டும் கை வந்துச்சு."

ஜீவராணி வாசலிலிருந்து ஓரடி பின்வாங்கினாள்.

"நீ மொத நாளே வந்து, அக்கா ஒம் மகன் ஒரு புள்ளையத் தூக்கிக்கிட்டே போயிட்டான்னு சொல்லியிருந்தா, நான் ஒன் கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேன். எனக்கு வேற யாரு இருக்கா?"

தட்டை நீட்டினாள்.

"சாவு வீட்டுத் தட்டு வெறுமையாத்தான் திரும்பணும். எனக்கும் தெரியும். இது சட்டி எறக்குறதுக்கு முன்னாடி, எம் மகன் இருக்கான்னு நெனச்சுச் சுட்டது. இனி எங்க வீட்டுல ஒரு வருஷத்துக்குக் கெடையாது. இதையும் கானுல போடுறதுன்னா போடு. ஒம் மகள் கல்யாணம் நல்லா நடக்கட்டும்."

கடைசி வார்த்தையில் குத்தல் இல்லை. அதுதான் ஜீவராணியைக் குத்தியது. அவள் தட்டை வாங்கிக்கொண்டாள். கானைப் பார்த்தாள். காலையில் கவிழ்த்தது தண்ணீரில் ஊறி, கல்லிடுக்கில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. லயம் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

மேலே கோயிலில் பாட்டை நிறுத்திவிட்டு ரெங்கசாமி ஸ்பீக்கரில் பேசினார். திருவிழாவுக்குக் காப்புக் கட்ட நாள் குறித்தாகிவிட்டது, அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள் என்றார். யாரோ பட்டாசு கொளுத்தினார்கள்.

கருப்பம்மா திரும்பி நடந்தாள். வீரய்யா மீதமிருந்த கொக்கிஸை எல்லாம் பேப்பரில் பொதிந்துகொண்டிருந்தான். "தங்கச்சி வீட்டுக்கும் கொஞ்சம் எடுத்துக்கிறேன் பெரியம்மா. ரமேஸ் வீட்டுக் கொக்கிஸுன்னு சொல்லிக் குடுக்கணும்" என்றான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, வெந்த விரல்களால் பொதியின் முனையை மடித்துப் பிடித்துக் கொடுத்தாள்.

பட்டாசு ஓய்ந்த இடைவெளியில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கொக்கிஸ் நொறுங்குகிற சத்தம் கேட்டது. மெல்ல, விட்டு விட்டு, அழுதுகொண்டே தின்கிறவள் தின்கிற மாதிரி.